வலது கையால் எதை எடுப்பான்?

என் மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்த வாரத்தில் மருத்துவமனையில், பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். நாலைந்து ஜெராக்ஸ் தாள்கள், மூலையில் பின் அடித்திருந்தது. எடை பார்த்தாயிற்று, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிடுவதற்குள் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார் மேஜையில் இருந்த பெண்.

முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், சில நேரம், இன்னும் இல்லை. பிள்ளை சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, உட்கார வைத்தால் சாயாமல் இருக்கிறதா, சின்னப் பொருளை விரலால் எடுக்கிறதா என்று வரிசையாகப் போனது. மடியில் பிள்ளை நெளிகிறான். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் தாளை எட்டிப் பார்க்கிறார். நான் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆம் என்று டிக் போட்டேன். எல்லாமே ஆம் என்றால் நம்ப மாட்டார்களோ என்று இரண்டு இடத்தில் மட்டும் சில நேரம்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. பிள்ளை இரண்டு கைகளையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறதா? பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் அதற்கும் ஆம் போட்டேன். அதற்குக் கீழே, உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா என்று கேட்டு நாலு கோடுகள் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை வெறுமனே விட்டுவிட்டேன்.

தாளை வாங்கிய பெண் கூட்டிப் பார்த்து, ‘நல்லா இருக்காம்மா, நார்மல்’ என்றார். ஃபைலுக்குள் வைத்து மூடினார்கள். எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. நானே எழுதிக் கொடுத்த விடைகளை வைத்து வந்த முடிவு என்பது அந்த நேரத்தில் மனதில் படவே இல்லை. யாரோ பெரியவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றே வீடு வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது எனக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் 33 வாரத்தில் பிறந்தவன். ஒன்றே முக்கால் கிலோ கூட இல்லை. 19 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவனைக் குளிப்பாட்டியது பெரும்பாலும் நான்தான். அவனுடைய இடது உள்ளங்கை எப்போதும் விரிந்திருக்கும். வலது கை மூடியே இருக்கும், கட்டைவிரல் உள்ளே மடிந்து. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். பிரித்தால் உள்ளே துண்டின் பஞ்சும் நூலும் திரண்டிருக்கும், புளித்த பால் வாடை வரும். இடது கையில் அந்த வாடை ஒருநாளும் வந்ததில்லை. ஐந்து மாதத்திலிருந்தே இது எனக்குத் தெரியும். என் விரல்களுக்குத் தெரியும் என்று சொல்வதே சரி. வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அத்தையிடம் சொன்னேன். ‘எங்க மாமாவுக்கும் பீச்சாங்கைதான் ஓங்குன கை. சோத்துக்கு மட்டும்தான் வலது கை. அவர் சாடைலா உன் பிள்ள’ என்றார்கள். சந்தோஷமாகத்தான் சொன்னார்கள். அம்மாவிடம் போனில் பேச்சைத் தொடங்கியபோது, ‘ஏட்டி, பிள்ளைய சும்மா உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருக்காத, கண்ணு பட்டுரும்’ என்றாள். இவர்கள் யாரும் என் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பவர்கள் இல்லை. 1,650 கிராமில் பிறந்த பிள்ளை பிழைத்து வந்து சிரிக்கிறான், அதற்கு மேல் அவனிடம் குறை தேடுவது பாவம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வயதுக்கு முன்னால் பிள்ளைக்குக் கைப்பழக்கம் என்று ஒன்று உறுதியாக வராது. வலது கைக்காரன், இடது கைக்காரன் என்று சொல்கிற நிலை அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். எட்டு மாதப் பிள்ளை ஒரே கையை மட்டும் நீட்டினால், நீட்டுகிற கையைப் பார்த்துப் பெருமைப்படுவதை விட்டு நீட்டாத கையைக் கவனிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கட்டத்தில் நான் வேறு மாதிரி டிக் போட்டிருப்பேன்.

பதினோராம் மாதம், ஒரு புதன்கிழமை. எங்கள் ஊரில் பால்வாடியில் வைத்தும் ஊசி போடுவார்கள். எங்களுக்கு அன்றைக்கு ஊசி இல்லை, எடை மட்டும். கிராம சுகாதார செவிலியர் எடையை அட்டையில் எழுதிவிட்டு, அவனை என் மடியில் உட்கார வைக்கச் சொன்னார். தன்னுடைய ஸ்கூட்டர் சாவிக்கொத்தை எடுத்து அவனுக்கு வலது பக்கமாக ஆட்டினார். அவன் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் எட்டிப் பிடித்தான். சாவியை மெதுவாக வாங்கி மறுபடியும் வலது பக்கம் ஆட்டினார். மறுபடியும் இடது கை. மூன்றாம் தடவை அந்த இடது கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு சாவியைக் காட்டினார். வலது தோள் எழும்பியது. கை மூடியபடியே வந்து சாவியில் மோதியது. விரல் பிரியவில்லை. அவன் முகம் சிவந்து அழத் தொடங்கினான்.

அவர் என்னைப் பார்த்து, ‘வலது கையால எதை எடுப்பான்?’ என்று கேட்டார்.

எடுப்பானா என்று கேட்டிருந்தால் நான் எடுப்பான் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். எதை என்று கேட்டதால் ஒரு பொருளின் பெயரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கிலுக்கு, கரண்டி, பிஸ்கட், என் தாலிக்கொடி என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாவற்றையும் பிடித்திருந்தது இடது கைதான். ‘ஒண்ணும் எடுக்க மாட்டான் சிஸ்டர்’ என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவர் பதறவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. எழுதிக் கொடுக்கிறேன், நாளைக்கே போங்கள் என்றார்.

மாவட்டத் தலைமையிடத்தில் அரசு மருத்துவமனைக்குள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டி.இ.ஐ.சி. என்பார்கள். 2013 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தவை இவை. பிறவிக் குறைகள், சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்று நாலு வகையில் பிறப்பிலிருந்து 18 வயது வரை பார்க்கிற திட்டம். பால்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வேனில் மருத்துவக் குழு வர வேண்டும். பிரச்சினை இருப்பதாகத் தெரிகிற பிள்ளையை இந்த மையத்துக்கு அனுப்ப வேண்டும். எனக்கு அன்றுவரை அப்படி ஒரு மையம் இருப்பதே தெரியாது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில், குறைமாதத்தில் எப்போதோ ஏற்பட்ட பாதிப்பு. அதனால் உடம்பின் வலது பக்கம் தளர்வும் இறுக்கமும். ஒருபக்க மூளை முடக்குவாதம் என்று எழுதினார்கள். கைதான் அதிகம், கால் கொஞ்சம்.

தெரபி அறையில் முதல் வேலையாக அவனுடைய இடது கைக்கு ஒரு துணி உறை தைக்கச் சொன்னார்கள். நன்றாக இருக்கிற கைக்கு உறை. தினமும் கொஞ்ச நேரம் அதை மாட்டிவிட்டு, வலது கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி விளையாட்டுப் பொருளை வைக்க வேண்டும். வல்ல கை வழிவிட்டால்தான் வலுவில்லாத கைக்கு வேலை வரும், வேலை வந்தால்தான் அந்தக் கைக்கான பாதையை மூளை போட்டுக்கொள்ளும் என்று விளக்கினார் தெரபிஸ்ட் அக்கா. பழைய பாவாடைத் துணியில் தைத்தேன். மாட்டினால் முதல் பத்து நிமிடம் அழுவான், நானும் அழுவேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், தரையில் கிடந்த சப்பாத்திக் கட்டையை வலது மணிக்கட்டால் உருட்டினான். விரல் இல்லை, மணிக்கட்டுதான். அது உருண்டு போய் அடுப்படிக் கதவில் முட்டியதும் திரும்பி என்னைப் பார்த்தான்.

இது எல்லாம் பழகி, அழுகை குறைந்து, இரவில் கொஞ்சம் தூங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வித்தாளின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் கேட்டா பிள்ளையின் குறையைக் கண்டுபிடிப்பார்கள்? எந்த அம்மா எழுதுவாள்? டாக்டர் பார்க்க வேண்டியதை டிக் போடும் வேலையாக்கி நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. அந்தக் கோபத்தில்தான் அது எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று புரிந்தது.

1979-ல் ஹில்டா நாப்ளாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றிப் பெற்றோர் சொல்வது நம்பத்தகுந்ததா என்பதே அதன் கேள்வி. நம்பலாம் என்று முடிவு வந்தது. அதைத் தொடர்ந்து ஆரிகன் பல்கலைக்கழகத்தில் டயான் பிரிக்கரும் ஜேன் ஸ்குவையர்சும் மற்றவர்களும் சேர்ந்து பெற்றோருக்கான கேள்வித்தாள்களை உருவாக்கினார்கள். 1995-ல் ஏஜஸ் அண்ட் ஸ்டேஜஸ் என்ற பெயரில் அவை வெளிவந்தன. 2009-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. ஒரு மாதத்திலிருந்து ஐந்தரை வயது வரைக்கும் 21 தாள்கள். பேச்சு, கைகால் பெரிய அசைவு, விரல்களின் நுண்ணசைவு, யோசித்துச் செய்வது, மற்றவர்களோடு பழகுவது என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். ஆம் என்றால் 10, சில நேரம் என்றால் 5, இன்னும் இல்லை என்றால் 0. ஒரு பகுதிக்கு அதிகபட்சம் 60. ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே போனால் முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் மேலே இருந்தால் வீட்டில் விளையாட்டுப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். எனக்குக் கொடுத்தது அதைப் பார்த்துத் தமிழில் எழுதிய தாள் என்பது கேள்விகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

என்னை நிறுத்தியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆரம்பத்தில் இந்தத் தாள்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்த பிள்ளைகள், என் மகன் மாதிரியான பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. இன்னொன்று, தாளின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. ஒவ்வொரு செயலையும் பிள்ளையோடு செய்து பார்த்துவிட்டு அப்புறம் டிக் போடுங்கள் என்று. பிள்ளை வயிறு நிறைந்து, தூக்கம் தெளிந்து இருக்கும் நேரமாகப் பார்த்து விளையாட்டுப்போலச் செய்யுங்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்த ஜெராக்ஸில் அந்த முதல் பக்கமே இல்லை.

செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டோக்கன் கூப்பிடுவதற்குள் நிரப்பச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தால், ஒரு சாயங்காலம் பாயில் அவனை உட்கார வைத்து, பொரியை முன்னால் போட்டு, முதலில் இந்தக் கை, அப்புறம் அந்தக் கை என்று பார்த்திருப்பேன். அமெரிக்கத் தாளில் அந்த இடத்தில் சீரியோஸ் என்று இருக்கும், பாலில் போட்டுச் சாப்பிடுகிற வளையம் வளையமான தானியம். நமக்குப் பொரி. (ஒன்றிரண்டு போடுங்கள், பக்கத்திலேயே இருங்கள், வாயில் அப்பிக்கொண்டு புரையேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) பாயில் உட்கார்ந்து விளையாடியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வரிசையில் உட்கார்ந்தவளுக்கு அது பரீட்சைத் தாள். பரீட்சையில் யாருமே பிள்ளைக்காகத் தோற்க மாட்டார்கள்.

இன்னொரு தவறும் நடந்தது. 33 வாரத்தில் பிறந்தவன் ஏழு வாரம் முந்தி வந்தவன். ஒன்பது மாதப் பிள்ளை என்றாலும் ஏழு வாரத்தைக் கழித்துவிட்டு ஏறக்குறைய ஏழரை மாதப் பிள்ளைக்கான தாளைத்தான் கொடுத்திருக்க வேண்டும். மூன்று வாரமோ அதற்கு மேலோ முந்திப் பிறந்தால் இரண்டு வயது வரைக்கும் இப்படிக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது மாதத் தாள் கிடைத்தது. உண்மையை எழுதியிருந்தால் கையைத் தவிர மற்ற பகுதிகளிலும் அவன் பின்தங்கியதாகத் தெரிந்து, இன்னும் அதிகமாகப் பயந்திருப்பேன். பிள்ளை எந்த வாரத்தில் பிறந்தது என்று கேட்காமல் எந்தத் தாளையும் யாரும் கொடுக்கக் கூடாது.

நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்தில், டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழந்தை வளர்ச்சி மையமும் ஒரு அட்டை செய்திருக்கிறார்கள். 1991-ல் வெளிவந்தது, திருவனந்தபுரம் அட்டை என்றே பெயர். இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளப் பட்டை. பிள்ளையின் மாதத்துக்கு நேராகப் பேனாவைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடது பக்கம் முடிந்துவிட்ட செயல்களையெல்லாம் பிள்ளை செய்ய வேண்டும். அவ்வளவுதான். பால்வாடி டீச்சர் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். தேவையான சாமான் ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து. இதைப் படித்தபோது எங்கள் சிஸ்டர் ஆட்டிய ஸ்கூட்டர் சாவிதான் நினைவுக்கு வந்தது.

அந்த அட்டையைச் சோதித்தவர்களே அதன் அளவையும் சொல்லியிருக்கிறார்கள். தாமதம் உள்ள பிள்ளைகளில் 66.7 சதவீதம் பேரைப் பிடித்தது. தாமதம் இல்லாதவர்களில் 78.8 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. அதாவது மூன்றில் ஒரு பிள்ளை நழுவும். ஐந்தில் ஒரு வீட்டுக்குத் தேவையில்லாத பயம் வரும். இதைச் சல்லடை என்று எடுத்துக்கொண்டால் மனம் சமாதானமாகும். மாவு சலிக்கும்போது ஒரே தடவையில் யாரும் முடித்துக்கொள்வதில்லை. மேலே தங்கியதை எடுத்துப் பார்க்கிறோம், கீழே இறங்கியதை மறுபடியும் சலிக்கிறோம். ஒரே ஒருநாள் ஒரு தாளை நிரப்பிவிட்டு நார்மல் என்று ஃபைலை மூடுவதுதான் தவறு. அடுத்த மூன்று மாதத்தில் மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். என்னைக் கேட்கவில்லை.

எத்தனை பிள்ளைகளுக்கு இது தேவைப்படும் என்று கேட்டால், 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்தார்கள். காது, கண், வலிப்பு, பேச்சு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதாவது ஒன்று ஏறக்குறைய எட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தது. எங்கள் பால்வாடியில் 24 பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாள்தோறும் பிள்ளையைப் பார்ப்பவளின் கண்ணைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்காகத்தான் அந்தத் தாளையே உருவாக்கியிருக்கிறார்கள். டாக்டர் அவனை ஐந்து நிமிடம் பார்க்கிறார், அதிலும் மூன்று நிமிடம் அவன் அழுகிறான். உள்ளங்கையின் வாடை டாக்டருக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு இடம் போட்டு, நாலு கோடும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் யாரும் காது கொடுக்காத ஒரு விஷயத்துக்கு மருத்துவமனைக் காகிதத்தில் இடம் இருந்தது. அதை நான் காலியாக விட்டேன். என் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்க அங்கே யாரும் இல்லை.

துருக்கியில் இல்கி எர்டெம் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. அதில் ஆம், இல்லை என்று கட்டமே கிடையாது. பிள்ளை எப்படித் தனக்கு வேண்டியதைக் காட்டுகிறது, கையையும் விரலையும் வைத்து என்னென்ன செய்கிறது என்று அம்மாவைச் சொல்ல விட்டுவிட்டுக் கேட்டுக்கொள்கிறார்கள். எங்கள் சிஸ்டர் இதைப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் எடுப்பானா என்று கேட்காமல் எதை எடுப்பான் என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம்முடைய பிள்ளைத்தமிழில் பருவங்கள் இருக்கின்றன அல்லவா, அவை ஒருவகையில் வளர்ச்சி அட்டைதான். ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பாட்டுடைத் தலைவன் முருகனே ஆனாலும் எந்த மாதத்தில் எந்த அசைவு என்று புலவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். பெண்கள் பார்த்துச் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் கணக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இப்போது நாம் சப்பாணி என்றால் கால் விளங்காதவரைச் சொல்கிறோம். ஒன்பதாம் மாதத்தில் என் மகன் கைதட்டும்போது இடது உள்ளங்கை வலது முஷ்டியின் மேல் விழும். சத்தம் வராது. அத்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூடத் தட்டுவார்கள். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்த எனக்குச் சில ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு புதன்கிழமை நான் பால்வாடிக்குப் போகிறேன். சிஸ்டர்தான் கேட்டார், தாளை வைத்துக்கொண்டு அம்மாக்களோடு உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று. பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பாய் விரிப்பேன். ஒரு டப்பாவில் பொரி, மூடி போட்ட கிண்ணம், கிலுக்கு, சின்னக் கண்ணாடி, துணி. கேள்வியை வாசிப்பேன், செய்து பார்ப்போம், அப்புறம் அவர்களே டிக் போடுவார்கள்.

பல வீட்டில் தாளை அப்பாவிடம் கொடுத்து நிரப்பி வாங்கி வருகிறார்கள். அவருக்குத்தான் எழுத வரும் என்பார்கள், அல்லது அவர் பார்த்தால் சரியாக இருக்கும் என்பார்கள். காலையில் பிள்ளை எழும்புமுன் போய் இரவு பிள்ளை தூங்கின பிறகு வருகிறவர் அவர். டிக் எல்லாம் அழகாக ஒரே கோட்டில் இருக்கும். நான் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுப்பேன். பாட்டி கூட வந்தால் நல்லது, அவர்களையும் பாயில் உட்கார வைத்துவிடுவேன். பாட்டிகள் பிள்ளையை நன்றாகப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் மட்டும் வைத்திருப்பார்கள்: அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், அவனவன் நேரத்துக்கு வரும். நான் மறுத்துப் பேசுவதில்லை. சரிம்மா, இப்போ கூப்பிட்டுப் பார்ப்போமா, திரும்புறானான்னு, என்பேன்.

போன வருடம் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று. உட்கார வைத்தால் சாய்ந்தது, தவழும் நிலையில் வைத்தால் உடனே அலறியது. அம்மா நேர்மையாக, வரிசையாக இன்னும் இல்லை போட்டுவிட்டு அழுதே விட்டாள். பேசப் பேசத்தான் தெரிந்தது, கூட்டுக் குடும்பத்தில் ஏழு பேர், பிள்ளை இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. தரையில் விட்டால் சளி பிடிக்கும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் பாயில் குப்புறப் போட்டு விளையாட வையுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம் என்றார் சிஸ்டர். அடுத்த மாதம் கிலுக்கைப் பார்த்து வயிற்றால் நகர்ந்து வந்தது அந்தப் பிள்ளை. வாய்ப்பே கிடைக்காமல் செய்யாத பிள்ளை வேறு, வாய்ப்புக் கிடைத்தும் செய்யாத பிள்ளை வேறு. தாளில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அது எந்தப் பூஜ்யம் என்று தெரியும்.

இப்படி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் தென்காசிப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம். தானே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில் டேப்லெட்டோடு வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்து, தெரபி சொல்லிக் கொடுத்து, குறித்துக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்த பிறகு, ஒரு பாயும் பொரி டப்பாவும் வைத்துக்கொண்டு நாமும் செய்யலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

ஒன்பதாம் மாதத்தில் உண்மையை எழுதியிருந்தால் இரண்டு மாதம் முன்னால் அந்தத் துணி உறையைத் தைத்திருப்பேன். அதனால் இன்றைக்கு அவன் கை எப்படி இருந்திருக்கும் என்று தெரபிஸ்ட் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அதை விடுங்க, இன்னிக்கு வேலையைப் பார்ப்போம் என்றார். சரி, நானும் அதை விட்டுவிட்டேன். ஆனால் எந்த அம்மாவையும் அந்த நாற்காலியில், அந்தத் தாளோடு, தனியாக உட்கார விடுவதில்லை.

மகனுக்கு இப்போது நாலு வயது. போன வாரம் 48 மாதத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாயங்காலம், அவன் சாப்பிட்டு முடித்த நேரம், பாயில் உட்கார்ந்தோம். பொத்தானைக் கழற்றுகிறானா என்று ஒரு கேள்வி. அவன் அப்பாவின் பழைய சட்டையை மடியில் போட்டுக் கொடுத்தேன். முதல் பொத்தான் நழுவியது. இரண்டாவதும் நழுவியது. மூன்றாவதுக்கு வலது கையைத் துணியின் ஓரத்தில் வைத்து அழுத்தினான், கட்டைவிரல் வெளியே இருந்தது, துணி நகரவில்லை. இடது விரலால் பொத்தானைத் துளைக்குள் தள்ளினான். தள்ளிக்கொண்டே இருந்தான். கழன்றது. நாலாவதைத் தொடவே மாட்டேன் என்று சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

சில நேரம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அந்த நாலு கோட்டிலும் எழுதினேன். நாலு பொத்தானில் ஒன்று கழற்றினான். வலது கை துணியைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் உள்ளே மடியவில்லை. படி இறங்கும்போது வலது காலை இன்னும் இழுக்கிறான், அதைப் பார்க்க வேண்டும். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.